இன்டெலா, ஏஎம்டியா? முதல் ப்ராசசரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

2000ஆம் ஆண்டு மார்ச் 6, திங்கட்கிழமை. ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு நூறு கோடி துடிப்பில் ஓடும் ஆத்லான் ப்ராசசரை ஏஎம்டி அறிவித்தது. அவர்கள் கொண்டாடி முடிப்பதற்குள், புதன்கிழமையே இன்டெல் தன் ஒரு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ அறிவித்துவிட்டது. நடுவில் இருந்தது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. அடுத்து ஜூலை கடைசியில், விட்ட இடத்தைப் பிடிக்க 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ இன்டெல் இறக்கியது. கணினி இதழாளர்கள் சிலர் அதில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைக் கம்பைல் செய்து, அதாவது மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். வேலை பாதியிலேயே நின்றது. ஒரு மாதத்துக்குள் அந்தச் சில்லை இன்டெல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

முதல் தடவையாக மேசைக் கணினி ஒன்றை அசெம்பிள் செய்யப் போகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று முந்த ஓடுவதால்தான் நமக்கு நல்ல ப்ராசசர்கள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தோடு சேர்ந்து ஓடுகிறவர் பணத்தை இழக்கிறார். நான்கடி பின்னால் நடந்து வருகிறவருக்குத்தான் நல்ல சரக்கு கிடைக்கிறது. பல வருடமாக நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்ததில் நான் கண்டது இது. எப்படிப் பின்னால் நடப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இப்போதைய கணினி எங்கே திணறுகிறது என்று பாருங்கள்

புது ப்ராசசர் தேவையா என்பதே முதல் கேள்வி. உங்களிடம் பழைய கணினி இருந்தால், அது திணறுகிற நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போங்கள். ப்ராசசர், மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதத்தில் இருக்கின்றன என்று அங்கே தெரியும்.

என் பெரியப்பா மகன் டேலியில் கணக்கு எழுதுகிறவர். “மெஷின் ரொம்ப ஸ்லோடா, நல்ல ப்ராசசரா ஒன்னு பார்த்துச் சொல்லு” என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். ப்ராசசர் 12 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். அண்ணன் அதே கணினியில் இன்னும் மூன்று வருடம் வேலை பார்த்தார்.

ப்ராசசர்தான் நூறில் நிற்கிறது என்றால் சரி, மேலே போகலாம். அதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வேலைகளை எழுதுங்கள். பிரவுசர், ஆபீஸ் கோப்புகள், ஆன்லைன் வகுப்பு மட்டும் என்றால் இன்று கிடைக்கும் எந்த ஆறு கோர் ப்ராசசரும் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் ஆறு பகுதிகள் கொண்டது) தாராளம். அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள், பெரிய புரோகிராம்களைக் கம்பைல் செய்வது போன்றவை கோர்களை விழுங்கும். விளையாட்டுகளின் கணக்கே வேறு, அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 2: கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

கடையிலும் விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது கிகாஹெர்ட்ஸ். புதியவர்கள் வழி தவறுவதும் இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கல்யாண வீட்டில் காய் நறுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி நிமிடத்துக்கு எத்தனை முறை இறங்குகிறது என்பது கிகாஹெர்ட்ஸ். ஒரு முறை இறங்கும்போது எத்தனை துண்டு விழுகிறது என்பது இன்னொரு கணக்கு. இதை ஐபிசி என்பார்கள். ஒரு துடிப்புக்கு ப்ராசசர் முடிக்கும் வேலையின் அளவு அது. எத்தனை பேர் உட்கார்ந்து நறுக்குகிறார்கள் என்பது கோர். காய்க்கூடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, ஒவ்வொரு காய்க்கும் எழுந்து பின்கட்டுக்குப் போக வேண்டுமா என்பது கேஷ். பின்கட்டு ஸ்டோர் ரூம்தான் ரேம். பந்தி நேரத்துக்குக் காய் தயாராவது இந்த நான்கையும் பொறுத்தது. கத்தியின் வேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

இந்த உண்மையை இன்டெலே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4, கத்தியை வேகமாக இறக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டளையையும் 20 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் சிறியதாக்கினால் கடிகாரத்தை, அதாவது கிகாஹெர்ட்ஸை, விரட்டலாம் என்பது திட்டம். விளம்பரத்துக்கு அருமையாக இருந்தது. ஆனால் 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, பல சோதனைகளில் 1.2 கிகாஹெர்ட்ஸ் ஆத்லானிடம் தோற்றது. ஒரு துடிப்புக்கு அது செய்த வேலை குறைவு. வாடிக்கையாளர்களுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது என்று ஏஎம்டி தவித்தது. 2001 அக்டோபரில் வந்த ஆத்லான் எக்ஸ்பியில் கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் ஒரு மாடல் எண்ணைப் போட்டது. ‘1800+’ என்று எழுதியிருந்த சில்லின் உண்மையான வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ். ப்ராசசர் பெயர்களில் இன்று நாம் பார்க்கும் எண் குழப்பத்துக்கு இதுவும் ஒரு தொடக்கம்.

இன்டெல் விடவில்லை. 2004இல் வந்த பிரெஸ்காட் சில்லில் கட்டங்களை 31 ஆக்கியது. வேகத்தைவிடச் சூடுதான் அதிகம் ஏறியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்தவர்கள், அந்த ஆண்டு அக்டோபரில் அதைக் கைவிட்டார்கள். அப்போதைய தலைவர் கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டார். 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தபோது, அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடல் பழைய 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐச் சுலபமாகத் தாண்டியது. எண் குறைந்தது, வேலை கூடியது.

அதே பாடம் இன்றும் அப்படியே நடக்கிறது. இன்டெலின் கோர் ஐ9-14900கே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி 5.2 வரைதான். ஆனாலும் விளையாட்டுகளில் பெரும்பாலும் முந்துவது 9800எக்ஸ்3டி. காரணம் அதன் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது சில்லில் உள்ள கேஷ்களிலேயே பெரியது. சாதாரண 9700எக்ஸில் இருப்பது 32 எம்பி. காய்க்கூடையைப் பெரிதாக்கிப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. ‘5.8 கிகாஹெர்ட்ஸ் வரை’ என்பதில் இருக்கும் ‘வரை’யைக் கவனியுங்கள். ஓரிரு கோர்கள், கொஞ்ச நேரம், சூடு அனுமதித்தால், என்பதே அதன் பொருள். எல்லாக் கோர்களும் அரை மணி நேரம் உழைக்கும்போது வேகம் அதைவிடக் கீழே இறங்கும்.

கோர் எண்ணிக்கையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2021 நவம்பரில் வந்த 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் தன் பல ப்ராசசர்களில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகையைக் கலக்கிறது. 14900கேயில் 24 கோர் என்றால் 8 பெரியவை, 16 சிறியவை. ஏஎம்டியின் 16 கோர் ரைசன் 9 9950எக்ஸில் எல்லாமே ஒரே வகை. 24 பெரிதா 16 பெரிதா என்று எண்ணை வைத்து ஒப்பிட்டால் தப்பாகிவிடும்.

படி 3: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

சில வருடங்களுக்கு முன், நண்பர் ஒருவர் தன் மகளுக்காக எல்லாப் பாகங்களையும் அவரே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரவு பத்து மணிக்குப் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினோம். ஃபேன்கள் சுற்றின, விளக்குகள் எரிந்தன, திரை கருப்பாகவே இருந்தது. ரேமைக் கழற்றி மாட்டினோம், கேபிளை மாற்றினோம், மானிட்டரையே மாற்றினோம். கடைசியில் ப்ராசசர் பெட்டியை எடுத்துப் பார்த்தால், எண்ணின் முடிவில் ‘எஃப்’. அந்தப் பெண் பக்கத்தில் நின்று முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டியதாயிற்று.

‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடுகிறீர்கள் என்றால் அது நல்ல சேமிப்பு. போடவில்லை என்றால் திரையில் ஒன்றுமே வராது. கோர் ஐ5-12400க்கும் 12400எஃப்புக்கும் அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஏஎம்டியில் ரைசன் 5 5600, 5600எக்ஸ் போன்ற, ஏஎம்4 என்ற சாக்கெட் வகையில் (இதைப் படி 4இல் பார்ப்போம்) உட்காரும் பழைய மாடல்களில் பெயரில் எஃப் இல்லாமலேயே கிராபிக்ஸ் கிடையாது. ‘ஜி’ என்று முடிந்தால் மட்டும் உண்டு. 7000 வரிசையிலிருந்து பெரும்பாலான மாடல்களில் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே வருகிறது. அலுவலக வேலைக்கு அது போதும்.

மற்ற எழுத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டெலில் ‘கே’ என்றால் கடிகார வேகத்தை நாமே ஏற்றலாம், சூட்டை இறக்கும் கூலர் பெட்டியில் வராது. ‘டி’ என்றால் மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை. ஏஎம்டியில் ‘எக்ஸ்’ கொஞ்சம் கூடுதல் வேகம், ‘எக்ஸ்3டி’ கூடுதல் கேஷ்.

ஐ5, ஐ7, ரைசன் 5, ரைசன் 7 என்பவற்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஐ7ஐ இன்றைய ஐ3 பல வேலைகளில் தாண்டிவிடும். எண் பெரிதானால் சரக்கும் புதிது என்பதும் உறுதியில்லை. கோர் ஐ5-13400, 14400 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே கோர் எண்ணிக்கை, அதே கேஷ், உச்ச வேகத்தில் 0.1 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கூடுதல். ஏஎம்டியும் சளைத்ததில்லை. ரைசன் 7 5700எக்ஸில் 32 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. எக்ஸ் இல்லாத 5700இல் 16 எம்பிதான், ஏனென்றால் அது வேறு சில்லிலிருந்து வந்தது. பெயரில் ஓர் எழுத்து குறைவு, உள்ளே கேஷ் பாதி. வாங்குவதற்கு முன் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் முழு மாடல் எண்ணைப் போட்டு, கோர், கேஷ், கிராபிக்ஸ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

படி 4: சாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்

ப்ராசசரை மட்டும் யோசித்து வாங்குகிறவர்கள் மறப்பது, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டை. ப்ராசசர் உட்காரும் சாக்கெட் பொருந்தாவிட்டால் எதுவும் நடக்காது. அடுத்த முறை மேம்படுத்தும்போது போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதும் இதைப் பொறுத்ததுதான்.

2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்தபோது அது ஏஎம்4 சாக்கெட்டில் வந்தது. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட். 2017இல் வாங்கிய பல போர்டுகளில் பயாஸை (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) மட்டும் புதுப்பித்து, ஐந்து வருடம் கழித்து வந்த ப்ராசசரைப் போட முடிந்தது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளைத் தாங்கியது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட், அதாவது வேறு போர்டு. ஏஎம்டியின் இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. மூன்று நான்கு வருடம் கழித்து ப்ராசசரை மட்டும் மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் ஏஎம்5ஐச் சொல்வது இதனால்தான். ஒருமுறை வாங்கினால் ஏழெட்டு வருடம் தொடப்போவதில்லை என்பவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்கள் அன்றைய விலையைப் பார்த்து எதையும் எடுக்கலாம்.

ரேமையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஏஎம்5க்கு டிடிஆர்5 என்ற புதிய ரக ரேம் மட்டும்தான். எல்ஜிஏ1700இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றில் மற்றொன்று உட்காராது. எந்தப் பக்கம் போனாலும் ஒரே பெரிய குச்சிக்குப் பதில் இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். 16 ஜிபி வேண்டுமென்றால் 8+8. ரேமுக்குப் போகும் பாதை இரண்டாகிறது. உள்ளே இருக்கும் கிராபிக்ஸையே நம்பி இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

படி 5: சோதனை முடிவுகளைப் படிக்கும் முறை

இரண்டு நிறுவனங்களும் அறிமுக மேடையில் பட்டைப் படங்களைக் காட்டுவார்கள். எந்த விளையாட்டு, எதிராளியின் எந்த மாடல், என்ன ரேம் என்பதெல்லாம் அவர்கள் தேர்ந்தெடுப்பது. அதைப் பார்க்கலாம், நம்பி வாங்க வேண்டாம். தனியாகச் சோதிப்பவர்கள் மூன்று பேருடைய முடிவுகளையாவது பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சரி.

அப்படிப் பார்க்கும்போதும் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ப்ராசசரைச் சோதிப்பவர்கள் சந்தையிலேயே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை மாட்டி, திரையின் துல்லியத்தை 1080பி என்ற குறைந்த அளவில் வைத்துத்தான் விளையாட்டுகளை ஓட்டுவார்கள். கிராபிக்ஸ் கார்டு தடையாக இருக்கக்கூடாது, ப்ராசசர்களுக்குள் இருக்கும் வேறுபாடு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். சோதனைக்கு அதுதான் சரியான முறை. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது நடுத்தரக் கார்டும் அதைவிடத் துல்லியமான 1440பி மானிட்டரும் என்றால், அங்கே 30 சதவீதம் தெரிந்த வித்தியாசம் இங்கே கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அப்போது கார்டுதான் மூச்சு வாங்கும், ப்ராசசர் அதற்காகக் காத்திருக்கும். விளையாட்டுக்காகக் கணினி வாங்குகிறவர், ப்ராசசரில் ஒரு படி இறங்கி மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுவது நல்லது. இதைச் சொல்லும்போது பையன்கள் முகம் சுளிப்பார்கள். பூட்டி ஓட்டிப் பார்த்த பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) ‘ஒரு சதவீதக் கீழ் அளவு’ என்று தருவார்களே, அதைப் பாருங்கள். விளையாட்டு நடுவில் திக்குகிறதா இல்லையா என்பது அதில்தான் தெரியும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் விளையாட்டுப் பட்டியலைத் தாண்டி, தாங்கள் பயன்படுத்தும் அதே மென்பொருளின் முடிவை மட்டும் தேடிப் பாருங்கள்.

படி 6: எப்போது வாங்குவது

என் வழக்கம் எளிது. புதிதாக ஒன்று வெளியான நாளிலிருந்து மூன்று மாதமாவது பொறுப்பேன். இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. அவசரத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் கோபம் தணியும்.

2000இல் திரும்பப் பெற்ற 1.13 கிகாஹெர்ட்ஸ் சில்லை முதலிலேயே சொன்னேன். 2022 கடைசியிலும் 2023இலும் வந்த இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர் ரக ப்ராசசர்கள் வேகத்தில் உச்சத்தைத் தொட்டன. 2023 ஜனவரியில் வந்த 13900கேஎஸ், பெட்டியிலிருந்து எடுத்தபடியே 6 கிகாஹெர்ட்ஸ் தொட்ட முதல் மேசைக் கணினி ப்ராசசர். ஆனால் விளையாட்டுகள் பாதியில் மூடிக்கொள்வதாகவும், நாளாக ஆகக் கணினி நிலைகுலைவதாகவும் புகார்கள் குவிந்தன. தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கியதால் சில்லுகள் மெல்ல மெல்ல வீணாகிக்கொண்டிருந்தன. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் எனப்படும் ப்ராசசரின் உள் கட்டளைத் தொகுப்புக்கான திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது இன்டெல். திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே சேதமான சில்லைச் சரிசெய்யாது. எனவே 13, 14ஆம் தலைமுறை கே மாடல்களைப் பழைய சரக்காக வாங்கும்போது மிகவும் கவனம் தேவை. புதிதாக வாங்கினாலும், விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

ஏஎம்டி பக்கமும் இதே கதை உண்டு. 2023 ஏப்ரலில் சில போர்டுகளில் 7000எக்ஸ்3டி ப்ராசசர்கள் சாக்கெட்டோடு கருகின. மின்னழுத்தம் எல்லை மீறியதுதான் காரணம். பயாஸில் 1.3 வோல்ட் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். 2024இல் ரைசன் 9000 வரிசையை ஜூலை 31 அன்று விற்பனைக்குக் கொண்டுவருவதாக இருந்தது. முதல் சரக்கின் தரம் எதிர்பார்த்தபடி இல்லை என்று சொல்லி ஆகஸ்டுக்குத் தள்ளினார்கள். தள்ளியதை நான் மதிக்கிறேன். வந்த பிறகும் விளையாட்டுகளில் முந்தைய தலைமுறையைவிடப் பெரிதாக முன்னேற்றம் தெரியவில்லை, பின்னால் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு அதைக் கொஞ்சம் மேலே ஏற்றியது.

இப்போது காத்திருப்பதன் இன்னொரு பயனைப் பாருங்கள். பல வருடமாகச் சாதாரண மேசைக் கணினிக்கு இன்டெல் கொடுத்தது அதிகபட்சம் நான்கு கோர். 2017 ஜனவரியில் வந்த 7700கேயிலும் நான்குதான். அந்த மார்ச்சில் ஏஎம்டி, எட்டு கோர் ரைசன் 7 1800எக்ஸை 499 டாலருக்குக் கொடுத்தது. இன்டெலிடம் அப்போது இருந்த எட்டு கோர் 6900கேயின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். அதே அக்டோபரில் இன்டெல் ஆறு கோர் 8700கேயைக் கொண்டுவந்தது, மறு வருடம் எட்டு கோர் 9900கே. அந்த ஜனவரியில் அவசரப்பட்டு நான்கு கோர் வாங்கியவர், பத்தே மாதத்தில் அதே வரிசையில் ஆறு கோரைப் பார்க்க வேண்டி வந்தது. ஒருவர் ஓங்கி அடித்ததும் மற்றவர் பதில் கொடுப்பார். அந்தப் பதில் வரும் வரை பொறுத்தால், இரண்டு பேருடைய விலையும் இறங்கியிருக்கும்.

புதியது வந்ததும் முந்தைய தலைமுறையின் விலை பெரும்பாலும் இறங்கும். 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 9 285கே வந்தபோது பல விளையாட்டுகளில் பழைய 14900கேயைவிடப் பின்தங்கியது. மின்சாரம் மட்டும் நன்றாகக் குறைந்தது. புதியது எப்போதும் வேகமானது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமைக்கும் அளவு வேண்டும். இருக்கும் கணினி செத்துவிட்டது, மகனுக்கு அடுத்த வாரம் கல்லூரி தொடங்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன நடுத்தர மாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுங்கள்

சோதனைக்கூடங்களில் அறை வெப்பம் 20 முதல் 25 டிகிரி வரை இருக்கும். மே மாதம் சென்னையிலோ திருச்சியிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறையில் மதியம் 36, 38 சாதாரணம். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் ஏறக்குறைய அப்படியே ப்ராசசரிலும் ஏறும். அங்கே 80 டிகிரி காட்டிய கூலர் இங்கே 95ஐத் தொடும். ரைசன் 7000, 9000 வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் வேகம் தானாகக் குறையும். கொடுத்த காசுக்கு ஏற்ற வேகம் கிடைக்காது.

அதனால் மின்சாரம் குறைவாக இழுக்கும் மாடல்களை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். ரைசன் 5 7600, ரைசன் 7 9700எக்ஸ் போன்றவை 65 வாட் வகை. முழுச் சுமையில் அதற்குக் கொஞ்சம் மேலே போனாலும் ஒரு நல்ல ஏர் கூலருக்கு அடங்கிவிடும். கேபினெட்டில் முன்னால் காற்று உள்ளே வரவும் பின்னால் வெளியே போகவும் ஃபேன் இருக்க வேண்டும். முகப்பு முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் அழகாக இருக்கும், காற்று வராது. வலைத்துளை முகப்பு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

படி 8: கடையில்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், ‘பாக்ஸ்’ சரக்கா ‘ட்ரே’ சரக்கா என்று கேளுங்கள். ட்ரே என்றால் நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போகும் சில்லு, சில்லறைப் பெட்டி இருக்காது. விலை குறையும், ஆனால் தயாரிப்பாளர் நேரடியாகத் தரும் உத்தரவாதம் கிடைக்காது, கடைக்காரர் சொல்லும் உத்தரவாதம்தான். பாக்ஸ் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். “இதுவும் அதுவும் ஒன்னுதான் சார்” என்று வேறு மாடலை நீட்டினால், படி 3ஐ நினைத்துக்கொண்டு போனில் ஒருமுறை சரிபாருங்கள்.

பழைய ப்ராசசர் வாங்குவதாக இருந்தால் இன்டெலில் 8ஆம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசைக்கும் கீழே போகாதீர்கள். அதற்கு முந்தைய பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

படி 9: பூட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

மேசையில் துணி விரிக்காதீர்கள், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வையுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, ப்ராசசரை விளிம்பில் பிடித்து எடுங்கள். ஒரு மூலையில் சின்னதாகத் தங்க நிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதேபோல ஒரு முக்கோணம் இருக்கும். இரண்டையும் ஒரே மூலையில் வைத்து மெதுவாக விடுங்கள். அழுத்தவே வேண்டாம், தானாக உட்காரும். உட்காரவில்லை என்றால் திசை தவறு. ஏஎம்5இலும் இன்டெலிலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. முடி போல மெல்லியவை, விரல் நுனி பட்டாலும் வளைந்துவிடும். கொக்கியைக் கீழே இறக்கும்போது ஒரு நெறுநெறுப்புச் சத்தம் வரும், கையில் நல்ல எதிர்ப்பும் தெரியும். முதல் தடவை எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். திசை சரியாக இருந்தால் அந்தச் சத்தம் இயல்பானதுதான். மேலே இருந்த கருப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், உத்தரவாதத்துக்குப் போர்டைத் திருப்பி அனுப்பினால் கேட்பார்கள்.

சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், ப்ராசசரின் மேல் பட்டாணி அளவு, நடுவில். கூலரின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். இதை மறந்துவிட்டு “ஏன் இவ்வளவு சூடு” என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து நான்கு பேர். கூலர் ஃபேனின் ஒயரை ‘சிபியு ஃபேன்’ என்று போர்டில் எழுதியிருக்கும் இடத்தில் மாட்டுங்கள். பழைய ஏஎம்4 கணினியில் கூலரைக் கழற்றும்போது மட்டும், பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு ப்ராசசரும் சேர்ந்து வந்துவிடும், பின்கள் வளையும்.

கணினி எழுந்ததும் முதலில் பயாஸ். புதிய பதிப்பு இருந்தால் ஏற்றுங்கள். அப்போது மின்சாரம் போகக்கூடாது, யுபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள். பிறகு அங்கேயே எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். 6000 என்று எழுதி வாங்கிய டிடிஆர்5 ரேம், இதைச் செய்யாவிட்டால் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நிறையப் பேர் வருடக்கணக்கில் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் போட்ட பின் சிபியு-இசட் என்ற இலவசச் செயலியைத் திறந்து, மாடல் எண்ணும் கோர் எண்ணிக்கையும் பில்லோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் என்ற சோதனைச் செயலியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். எல்லை வெப்பத்துக்கு ஐந்தாறு டிகிரியாவது கீழே நின்று, வேகமும் விழாமல் இருந்தால் சரி. பூட்டியது மார்கழியில் என்றால், அன்றைய வெப்பநிலையை ஒரு தாளில் எழுதிப் பில்லோடு பெட்டிக்குள் வையுங்கள். சித்திரையில் அதே சோதனையை மறுபடி ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.